சட்டவியல் இளங்கலைப் பட்டம்: நான்காண்டுச் செலவுக்கு ஈடாகுமா?

தொலைவானம் கேட்டது:

வணக்கம். அமெரிக்காவில் பள்ளி இறுதியாண்டில் படிக்கும் என் மகள் வழக்குரைஞராக வேண்டும் என்கிறாள். அதற்காக இளங்கலையிலேயே ‘லீகல் ஸ்டடீஸ்’ எடுக்க விரும்புகிறாள். அவள் மனம் வைத்திருக்கும் தனியார் கல்லூரியில், அவர்கள் தரும் உதவித்தொகை போக, ஆண்டுக்கு 30,000 டாலர் நாங்கள் கட்ட வேண்டியிருக்கும். எங்கள் மாநிலப் பல்கலைக்கழகத்தில் அதில் பாதிக்கும் குறைவாகவே ஆகும் என்றாலும், அங்கே இந்தப் பாடப்பிரிவு இல்லை. அரசியல் அறிவியல்தான் இருக்கிறது. சேமிப்பு அதிகம் இல்லாததால் எங்கே சேர்ந்தாலும் பெரும்பகுதி கடன்தான். பாடப்பிரிவின் பெயருக்காக இவ்வளவு கூடுதலாகக் கொடுப்பதில் பொருளாதார நியாயம் உண்டா?

ஓலைச்சுவடி எழுதியது:

இந்தியாவில் எல்.எல்.பி. முடித்தவர் வழக்குரைஞராகப் பதிவு செய்துகொள்வதைப் போல, இந்தப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே வழக்குரைஞர் உரிமத்துக்கான பார் தேர்வு எழுத முடியாது. ஏதேனும் ஓர் இளங்கலைப் பட்டம், பிறகு எல்சாட் போன்ற நுழைவுத் தேர்வு, அதன்பின் ஜே.டி. எனப்படும் மூன்றாண்டுச் சட்டப் படிப்பு என்பதே வழக்கமான பாதை. (கலிபோர்னியா, வெர்மான்ட், வர்ஜீனியா, வாஷிங்டன் மாநிலங்களில் வழக்குரைஞர் ஒருவரிடம் பயின்றே தேர்வு எழுதலாம், ஆனால் அதை நம்பித் திட்டமிடுபவர்கள் மிகக் குறைவு.) இளங்கலையில் இன்ன பாடம்தான் படிக்க வேண்டும் என்று அமெரிக்க வழக்குரைஞர் சங்கம் பரிந்துரைப்பதும் இல்லை.

அப்படியானால், சட்டக் கல்லூரிக்குப் போகாமலே நின்றுவிட்டால் இந்தப் பட்டம் என்ன தரும் என்பதுதான் மீதமுள்ள கேள்வி. நான் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பாராலீகலாக, அதாவது வழக்குரைஞர்களுக்குச் சட்ட உதவியாளராக, வேலை செய்கிறேன். அரசுத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் 2023 மே மாதக் கணக்குப்படி எங்கள் தொழிலின் இடைநிலை ஆண்டு ஊதியம் 60,970 டாலர். வழக்குரைஞர்களுக்கு 145,760 டாலர். இந்த வேலைக்குள் நுழைய ஈராண்டுப் பட்டமே வழக்கமான தகுதி என்று அதே துறை குறிப்பிடுகிறது. நான்காண்டுப் பட்டம் கேட்கும் பெரிய நிறுவனங்களும், வேறு பாடத்தில் பட்டம் பெற்றுப் பாராலீகல் சான்றிதழ் வைத்திருப்பவர்களை எடுத்துக்கொள்கின்றன. என் முதல் நேர்காணலில் சட்டக் கோட்பாடு எதையும் கேட்கவில்லை. நீதிமன்றத்தில் மின்வழியே மனு தாக்கல் செய்த பழக்கம் உண்டா என்றுதான் கேட்டார்கள்.

வரவுசெலவு எழுதியது:

கடன் பக்கத்தையும் பார்த்துவிடுங்கள். பெற்றோரைச் சார்ந்திருக்கும் மாணவருக்கு மத்திய அரசின் நேரடிக் கடன் முதலாண்டில் 5,500, இரண்டாமாண்டில் 6,500, அடுத்த இரண்டு ஆண்டுகளில் தலா 7,500 டாலர் என நான்காண்டுக்கு 27,000 டாலர்தான். பெற்றோர் பெறும் பிளஸ் கடனுக்கும், 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு, ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000 டாலர் என்று வரம்பு வந்துவிட்டது. தனியார் கல்லூரிக்கு உங்களுக்குத் தேவைப்படுவது 1,20,000. இரண்டு வரம்புகளையும் முழுவதும் பயன்படுத்தினாலும் 28,000 டாலர் துண்டு விழும். அதைத் தனியார் வங்கியில் உங்கள் பிணையில்தான் வாங்க வேண்டும். ஆறரை விழுக்காடு வட்டி என்று வைத்துக்கொண்டால், 1,20,000 டாலரைப் பத்தாண்டில் அடைக்க மாதம் ஏறத்தாழ 1,360 டாலர் ஆகும். 27,000 டாலருக்கு அது 307தான்.

சட்டக் கல்லூரிக் கடன் இதற்கு மேல் வருவது. முன்பு கிராட் பிளஸ் என்ற கடனில் முழுச் செலவையும் வாங்க முடிந்தது. அதே 2026 ஜூலை முதல் புதியவர்களுக்கு அது இல்லை, ஜே.டி. போன்ற தொழிற்படிப்புக்கு ஆண்டுக்கு 50,000, மொத்தம் 2,00,000 டாலர் என்பதே எல்லை. ஆகவே உங்கள் பிணையின் வலுவை இளங்கலையிலேயே தீர்த்துவிட்டால், உண்மையில் தேவைப்படும் இடத்தில் கை வெறுமையாக இருக்கும்.

தொலைவானம் எழுதியது:

நன்றி. பிளஸ் கடன் வரம்பு எனக்குத் தெரியாது. ஆனால் அவளுக்குப் பிடித்த பாடத்தை விடச் சொன்னால் மதிப்பெண் குறையுமோ என்ற தயக்கமும் இருக்கிறது.

ஆற்றுமணல் எழுதியது:

அந்தத் தயக்கம் நியாயமானதே. மேலே எழுதிய இருவரும் அதைத் தொடவில்லை. சட்டக் கல்லூரிகள் உதவித்தொகையைப் பெரும்பாலும் இளங்கலை மதிப்பெண் சராசரியையும் எல்சாட் மதிப்பெண்ணையும் பார்த்தே தருகின்றன. விரும்பிப் படித்துச் சராசரி உயர்ந்தால் அது பணமாகவே திரும்பி வரும். ஆனால் அவளுக்குப் பிடித்தது பாடமா, அதன் பெயரா என்று கேட்டுப் பாருங்கள். அரசியல் அறிவியல் துறையிலேயே அரசமைப்புச் சட்டம், நீதித்துறை அரசியல் ஆகிய பாடங்கள் பெரும்பாலும் இருக்கும். தத்துவத் துறையில் தருக்கவியலும் சேர்த்துக்கொள்ளலாம். அடுத்த ஆண்டுப் பாடப் பட்டியலை இருவரும் சேர்ந்து பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

ஒன்றை மட்டும் அந்தத் தனியார் கல்லூரியில் விசாரியுங்கள். இளங்கலையின் கடைசி ஆண்டையும் சட்டப் படிப்பின் முதலாண்டையும் ஒன்றாக்கி, ஏழாண்டுப் படிப்பை ஆறாண்டில் முடிக்கும் ‘மூன்று கூட்டல் மூன்று’ ஏற்பாடு ஏதேனும் சட்டக் கல்லூரியுடன் அவர்களுக்கு இருக்கிறதா? இருந்தால் ஓராண்டுக் கட்டணமும் மிச்சமாகும், ஓராண்டு முன்னதாகச் சம்பாதிக்கவும் தொடங்குவாள். அப்போது கணக்கே வேறு. ஆனால் அந்த வழியில் போகிறவர் பொதுவாக அந்த ஒரே சட்டக் கல்லூரிக்குள் போய்விடுவதால், நான்கு இடங்களில் விண்ணப்பித்து, ஓரிடம் தரும் உதவித்தொகையைக் காட்டி இன்னோரிடத்தில் பேரம் பேசும் வாய்ப்பு நழுவிவிடும். அதற்கு என்ன விலை போடுவது என்பதை அவர்கள் உதவித்தொகைக்கு என்ன சொல்கிறார்கள் என்று கேட்ட பிறகே முடிவு செய்ய முடியும்.