நந்தியாவட்டைக்கு மருந்து அடிக்காதீங்க

தாமான் (குடியிருப்பு) குடும்பக் குழு, சுங்கை சிப்புட், மலேசியா
ஆகஸ்ட் கடைசி வாரம்

ராணி ஆண்டி, இரவு 8:41
மெர்டேக்கா சுதந்திர தினத்துக்குக் கட்டின கொடியில பெரிய ராமா-ராமா ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்குது. யாராச்சும் வந்து விரட்டி விடுங்களேன்.
📷 படம்

புவனா, 8:43
விரட்டாதீங்க ஆண்டி! பழுப்பு றெக்கை, குறுக்கால வெள்ளைக் கோடு, கீழ வால். லிஸ்ஸா சாம்பாங்கற அந்துப்பூச்சி. நம்ம அந்துப்பூச்சிக் கணக்குக்காகப் பக்கத்துல ஸ்கேல் வச்சு இன்னொரு படம் எடுங்க ப்ளீஸ்.

ராணி ஆண்டி, 8:44
அந்தப் பொடி கண்ணுல பட்டா?

புவனா, 8:45
அது றெக்கையோட செதில்தான் ஆண்டி. தொடாம எடுங்க, போதும். காட்டோரம் செசெண்டோக் மரம் இருக்குல்ல, புழுவா இருக்கறப்ப அந்த இலையத்தான் தின்னும்.

கவின், 8:50
அக்கா, எங்க வீட்டு லைட்டுக்கு ஒண்ணுமே வரல 😞

புவனா, 8:53
எல்.இ.டி.யில புற ஊதா ஒளி ரொம்பக் கம்மிடா தம்பி. துணிக்கயித்துல வெள்ளை பெட்ஷீட் போட்டு யூவி லைட் வை, நேரா மட்டும் பாக்காத. நிலா இல்லாம, மழை விட்டுப் புழுக்கமா இருக்குற ராத்திரியில நிறைய வரும். ஒண்ணும் வரலன்னாலும் தேதி, நேரம், மழை எல்லாம் எழுதி வை. எழுதலன்னா, பூச்சி குறைஞ்சுதா இல்ல நாமதான் பாக்கலையான்னு பின்னால யாருக்கும் தெரியாது.

மணியம் அங்கிள், 9:02
செம்பனை ஓலையை அரிக்குமே பைப்புழு, அதுவும் அந்துப்பூச்சிதானாம்மா?

புவனா, 9:04
ஆமா அங்கிள், மெட்டிசா பிளானா. அதுல ஆண் மட்டும்தான் பறக்கும். பொண்ணுக்குச் சிறகே இல்ல, பைக்குள்ளயே இருந்து முட்டை வைக்கும். லைட்டை மட்டும் நம்பினா அது நம்ம கணக்குலயே வராது. நீங்க ஓலையில பாத்தது ரொம்ப முக்கியம்.

மணியம் அங்கிள், 9:07
மண்டோரா (கங்காணியா) இருந்தப்ப எந்த மாசம் எந்தப் பக்கம் பைப்புழு வந்துச்சுன்னு நோட்டுல குறிச்சிருந்தேன். அலமாரியில கிடக்கும், தேடித் தரேன்.

புவனா, 9:07
அங்கிள்!! 🙏🙏

ராணி ஆண்டி, 9:15
என் நந்தியாவட்டையை ஒரு பச்சைப் புழு மொட்டையடிச்சிட்டிருக்கு. நாளைக்கு மருந்து அடிக்கலாம்னு இருந்தேன்.

புவனா, 9:16
தலைப்பக்கம் நீலமா ரெண்டு கண்ணு மாதிரி இருக்கா?

ராணி ஆண்டி, 9:17
ஆமாமா.

புவனா, 9:20
டாப்னிஸ் நெரி ஆண்டி! விஷமுள்ள அரளி இலையையே தின்னு செரிச்சிடும். நிறம் பழுப்பா மாறினதும் இறங்கிப் போய்ச் சருகுக்குள்ள கூட்டுப்புழு ஆயிடும். அந்துப்பூச்சியா வந்தா பச்சையும் ரோஜா நிறமுமா அவ்ளோ அழகு. அந்தி நேரத்துல பூ முன்னால அந்தரத்துல நின்னே தேன் குடிக்கும். செடி மறுபடி தழைச்சிடும், மருந்து மட்டும் வேணாம்.

ராணி ஆண்டி, 9:24
சாமிக்குப் பூ?

புவனா, 9:25
எங்க வீட்டுச் செடியிலருந்து தினமும் பறிச்சுத் தரேன் ஆண்டி.

ராணி ஆண்டி, 9:26
சரி, அடிக்கல. செடிக்கடியில சருகு கூட்டாம விட்டுடறேன். காலையில கவினையும் கூட்டிட்டு வா, புழுவை அவனும் பாக்கட்டும்.