பரிதாப மார்க் போடாமல் படித்த புத்தகங்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கும்பகோணம்:

திருநங்கைகள், தன்பால் ஈர்ப்பாளர்கள் பற்றிய புத்தகம் என்றாலே நம் ஆட்களுக்குக் குரல் தணிந்துவிடுகிறது. "பாவம், எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கிறார்கள்" என்று ஆரம்பித்து, "கட்டாயம் எல்லோரும் படிக்க வேண்டிய நூல்" என்று முடித்துவிடுவார்கள். எழுத்து எப்படி, எங்கே இழுக்கிறது, எந்த இடத்தில் நம்மைத் தூக்கிப் போடுகிறது, இதைப் பற்றியெல்லாம் ஒரு வார்த்தை இருக்காது. எனக்கு இது எரிச்சலாக இருக்கிறது. தி. ஜானகிராமனைக் குறை நிறையோடு படிக்கிறோம் இல்லையா, இவர்களையும் அப்படித்தான் படிக்க வேண்டும். அதற்காகத்தான் இந்த இழை. பெயர் வேண்டாம், ஊர் போதும்.

நானே ஆரம்பிக்கிறேன். தஞ்சைப் புத்தகத் திருவிழாவில் திருநங்கை அ. ரேவதியின் தன்வரலாறான 'வெள்ளை மொழி'யைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, கையில் இரண்டு சமையல் புத்தகம், எட்டிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் படிச்சா ராத்திரி தூக்கம் வராது தம்பி" என்றார். "நீங்க படிச்சிருக்கீங்களாம்மா?" என்றேன். "இல்ல. பின்னட்டையப் பார்த்தாலே தெரியுதே."

தூக்கம் கெட்டது உண்மைதான். ஆனால் அந்த அம்மா நினைத்த காரணத்துக்காக இல்லை. வீட்டை விட்டு ஓடியது, டெல்லி, மும்பை எல்லாம் இருக்கிறது. எனக்கு உறைத்தது வீட்டுக்குள் நடக்கும் பகுதி. நாமக்கல் பக்கத்துக் கிராமம், லாரித் தொழில் குடும்பம், கிரிக்கெட் மட்டையால் அடிக்கும் அண்ணன். வீட்டுக்கு ரேவதி கொடுக்கும் பணம் யாருக்கும் கசக்கவில்லை. சொத்து, பங்கு என்று பேச்சு வந்ததும்தான் முகங்கள் மாறுகின்றன. நிலம் பிரித்த எந்த டெல்டா வீட்டிலும் கேட்கக்கூடிய பேச்சு அது. அவர் தமிழில் எழுதியதுதான், ஆனாலும் வ. கீதாவின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2010இல் முந்திக்கொண்டு வந்துவிட்டது. தமிழில் வெளிவர அடுத்த வருடம் ஆனது. நம் லட்சணம்!

குறையும் உண்டு. பெங்களூரில் தொண்டு நிறுவனத்தில் சேர்ந்த பிறகு வரும் பக்கங்கள் ஆண்டறிக்கை படிப்பதுபோல் ஆகிவிடுகின்றன. கூட்டம், பயிற்சி, மறுபடி கூட்டம். வீட்டைப் பற்றி எழுதும்போது இருக்கிற கண் அங்கே இல்லை.

இன்னொரு திருநங்கை லிவிங் ஸ்மைல் வித்யாவின் தன்வரலாறு 'நான் வித்யா' (2007) இதற்கு நேர் எதிர். வேகம் அதிகம், நிதானம் குறைவு. நம் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் படித்தவர், புனே பக்கம் ரயில்களில் கைநீட்டிக் காசு கேட்கிறார். அந்த இரண்டையும் ஒரே ஆள் வாழ்ந்தார் என்பதை அவர் விளக்கிக்கொண்டிருப்பதில்லை, பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறார். இதை வைத்து 2015இல் வந்த கன்னடப் படத்துக்குத் தேசிய விருது கிடைத்தது. புத்தகத்தை நம் ஊரில் எத்தனை பேர் படித்திருப்பார்கள்?

2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவைத் தளர்த்திய பிறகு ஆங்கிலத்தில் வரத்து கூடிவிட்டது. பாதி பதர். தேறியதில் ஒன்று கே. வைஷாலியின் 'ஹோம்லெஸ்'. 2024இல் ஆங்கிலத்துக்கான சாகித்ய அகாதெமி யுவ புரஸ்கார் வாங்கிய புத்தகம். பெண்ணைக் காதலிக்கும் பெண், எழுத்துகள் கண்ணுக்குப் பிடிபடாமல் நழுவும் டிஸ்லெக்ஸியா வேறு, ஹைதராபாத்தில் ஒரு மட்டமான விடுதி அறை. மூன்றையும் தனித்தனிப் பிரச்சினையாகப் பிரிக்காமல், ஒரே தலைக்குள் நடப்பதாக எழுதியிருப்பதுதான் அதன் பலம். தன்னைப் பற்றியே கொஞ்சம் கடுமையாகப் பேசுகிறார். அது எனக்குப் பிடித்தது.

சரி, நம் மண்ணில்? 1978இல் கரிச்சான் குஞ்சு எழுதிய 'பசித்த மானிடம்' இருக்கிறது. அதற்குப் பிறகு?

மன்னார்குடி:

தம்பி, 'பசித்த மானிடம்' இந்தப் பட்டியலில் சேருமா என்பதே எனக்குச் சந்தேகம்.

அதை எழுதியவர் நன்னிலம் பக்கத்துச் சேதனீபுரத்துக்காரர், எங்கள் ஊரில் பல வருடம் வாத்தியார். கு.ப.ரா. 'கரிச்சான்' என்ற பெயரில் எழுதினார், அவர் மேல் இருந்த பிரியத்தில் இவர் 'கரிச்சான் குஞ்சு' ஆனார். இதை எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நாவலுக்குள் என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்கக்கூடாது. ஒரு நினைவுக் கூட்டத்தில் பேச என்னை எழுப்பினார்கள். கணேசன் என்ற அழகான பையனைப் பணக்காரர் ஒருவர் எப்படித் தன் வசம் வைத்துக்கொள்கிறார் என்று நான் ஆரம்பித்ததுதான் தாமதம், தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஐயா நடையழகைப் பத்திச் சொல்லுங்களேன்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அதற்குள் போண்டா வந்துவிட்டது.

என் சந்தேகம் இதுதான். அங்கே நடப்பது காதல் இல்லை. கையில் காசு உள்ளவன் கையில் ஒன்றும் இல்லாத பையனை வாங்குகிறான். பிறகு அந்தப் பையனுக்குக் குஷ்டம் வருகிறது. 'பார்த்தாயா, செய்ததற்குக் கிடைத்தது' என்று படிக்க எவ்வளவு வசதி! ஆனால் ஆசிரியர் அப்படி எழுதவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இந்தப் பக்கம் கிட்டா என்று ஒருவன், பணம், பெண் என்று ஓடுகிறான். அவன் பசியும் அடங்குவதில்லை. இரண்டு பசியையும் ஒரே தராசில் வைக்கிறார், ஒன்றை அசிங்கம் என்றும் மற்றதை ஆம்பிளைத்தனம் என்றும் பிரிக்கவில்லை. சம்ஸ்கிருதமும் வேதமும் படித்த மனிதர் அந்தக் காலத்தில் இதைச் செய்திருக்கிறார். நம் டெல்டா எழுத்தில் இதற்கு இணையான தைரியம் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனாலும் இதைப் பெருமைக் கொடியாகத் தூக்கிப் பிடிக்காதீர்கள், தாங்காது.

திருவையாறு:

எங்கள் பக்கத்து ஒரு கிளை நூலகத்தில் 'வெள்ளை மொழி' எந்த அலமாரியில் இருந்தது தெரியுமா? மருத்துவம். சர்க்கரை நோய்க்கும் மூலத்துக்கும் நடுவில். நூலகரிடம் சொன்னேன். "அங்கதான் சார் யாரும் எடுக்க மாட்டாங்க, பத்திரமா இருக்கும்" என்றார். இது கிண்டலா அக்கறையா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

திருவாரூர்:

எல்லோரும் படித்தவர்கள் பக்கத்திலிருந்து பேசுகிறீர்கள். படிக்கப்பட்டவள் பக்கத்திலிருந்து நான் கொஞ்சம் பேசலாமா? நான் திருநங்கை. கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கிறேன்.

ஒரு காலேஜ் பொண்ணு, ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்தது. டேப்பை வைத்து முதுகு அளந்துகொண்டிருக்கும்போது, "அக்கா, நான் உங்களைப் பத்திப் படிச்சிருக்கேன்" என்றது. "என்னைப் பத்தியா? எவ எழுதினா?" என்றேன். பார்த்தால், 'நான் வித்யா'. நல்ல பொண்ணுதான், மனசில் ஒன்றும் இல்லை. ஆனால் அடுத்த கேள்வி ஆபரேஷன். எப்போதும் அடுத்த கேள்வி ஆபரேஷன்தான். வித்யா அந்தப் புத்தகத்தைக் கடப்பாவுக்கு ஆபரேஷனுக்குப் போகிற ரயிலில்தான் ஆரம்பிக்கிறாள். அவள் கதை, அவள் இஷ்டம். வலியை அப்படி எழுத ரொம்பத் தெம்பு வேண்டும். ஆனால் படிக்கிறவர்கள் அந்த ரயிலை விட்டு இறங்கவே மாட்டேன் என்கிறார்கள். அவள் வேலை தேடி அலைந்தது, வீடு தேடி அலைந்தது, நாடகம் போட்டது எதுவும் ஞாபகம் இருப்பதில்லை.

கும்பகோணத்து அண்ணன் ரேவதியம்மா புத்தகத்தில் சொத்து விஷயத்தைச் சொன்னார். சரிதான். எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது, நாங்கள் குரு, சேலா என்று சேர்ந்து வாழும் ஜமாத்தைப் பற்றி ஒளிக்காமல் எழுதியது. குரு என்றால் அம்மா. அடைக்கலமும் அவள்தான், வேலை வாங்குகிறவளும் அவள்தான். சம்பாதிப்பதை எங்கே கொடுப்பது, யாரைக் கேட்டு வெளியே போவது, ஒரு வீட்டை விட்டு இன்னொரு வீட்டுக்குப் போனால் என்ன ஆகும், எல்லாம் அதில் இருக்கிறது. நாங்கள் உள்ளுக்குள் பேசிக்கொள்வதை வெளியே எழுதிவிட்டார் என்று எங்களில் சிலருக்குக் கோபம் உண்டு. எனக்கு இல்லை. எங்கள் வீட்டிலும் மாமியார் மருமகள் சண்டை உண்டு என்று நாலு பேருக்குத் தெரிந்தால்தானே எங்களையும் மனுஷியாகப் பார்ப்பார்கள்?

சு. சமுத்திரத்தின் 'வாடாமல்லி'யும் படித்தேன். எங்களை வைத்து ஒரு முழு நாவல், தொண்ணூறுகளிலேயே. அதற்காக அவருக்கு ஒரு கும்பிடு. ஆனால் அதன் முக்கியப் பாத்திரம் சுயம்பு பேசுகிற இடங்களில் பல சமயம் ஆசிரியர்தான் பேசுகிறார், கூட்டத்தில் மைக் பிடித்த மாதிரி. கி.ரா.வின் 'கோமதி' சின்னக் கதைதான். அந்தச் சமையல்காரக் கோமதிக்கு வருகிற ஆசையை அவர் வியாக்கியானம் பண்ணாமல் சொல்லிவிட்டுப் போகிறார். அதைப் படித்தபோது மட்டும் யாரோ என்னை எங்கேயோ பார்த்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

மயிலாடுதுறை:

அக்கா, உங்கள் பதிவுக்கு முன்னால் எனக்கு எழுதக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும்.

சென்னையில் வேலை, மாதம் ஒருமுறை ஊர். ரயிலில் ஃபோனில்தான் படிப்பேன், அட்டை வெளியே தெரியாதே. என் வகை ஆட்களைப் பற்றித் தமிழில் கிடைப்பது குறைவு. 2018இல் குயர் சென்னை கிரானிக்கிள்ஸ் மூலம் வந்த கிரீஷின் 'விடுபட்டவை' கையில் கிடைத்தபோது தமிழில் இப்படியும் எழுத முடியும் என்பதே பெரிய விஷயமாக இருந்தது. அதன் பிறகு கண்ணில் பட்டதெல்லாம் பெரும்பாலும் மொழிபெயர்ப்பு அல்லது ஆங்கிலம். சச்சின் குண்டல்கரின் மராத்தி நாவல், ஆங்கிலத்தில் 'கோபால்ட் ப்ளூ'. புனேயில் ஒரு வீடு, மாடியில் குடியிருக்க வந்தவனை அண்ணனும் காதலிக்கிறான், தங்கையும் காதலிக்கிறாள். முதல் பாதி அவன் சொல்வது, மறு பாதி அவள் நாட்குறிப்பு. எல்லோரும் அண்ணன் பகுதியைத்தான் கொண்டாடுகிறார்கள். எனக்குத் தங்கை பகுதிதான் நாவலைக் காப்பாற்றுகிறது. அவள் இல்லாவிட்டால் அது வெறும் ஏக்கப் புலம்பல்.

வசுதேந்திராவின் 'மோகனசாமி' கன்னடத்தில் 2013இல் வந்தது. ஊருக்குப் போயிருந்தபோது திண்ணையில் உட்கார்ந்து ஆங்கில மொழிபெயர்ப்பைப் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "என்னடா கதை, இப்படி முழுங்கற மாதிரி படிக்கிற?" என்றார். ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். என்னவோ வாயில் வந்துவிட்டது. "ரெண்டு பேர் சேந்து இருக்காங்கம்மா. ரெண்டு பேரும் ஆம்பிளைங்க. அதுல ஒருத்தன் கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போயிடறான். இன்னொருத்தன் தவிக்கிறான்."

அம்மா கீரையிலிருந்து கையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?" என்றார்.

நான் படித்த எந்த விமர்சனத்திலும் இந்தக் கேள்வி இல்லை. புத்தகம் முழுக்க மோகனசாமியின் தவிப்போடுதான் நான் இருந்தேன். கல்யாணத்துக்குத் தலை நீட்டப்போகிற பெண்ணை நான் யோசிக்கவே இல்லை, அம்மா முதலில் அவளைத்தான் யோசித்தார். இப்போது இந்த வகைக் கதைகளில் அந்தப் பெண் எங்கே நிற்கிறாள் என்றுதான் முதலில் பார்க்கிறேன். அதில் தோற்றுப்போகும் புத்தகங்கள் நிறைய. மற்றபடி, அம்மா என்ன புரிந்துகொண்டார் என்று நான் கேட்கவில்லை. சாப்பாட்டுக்குக் கீரைப் பொரியல் வந்தது.

நாகப்பட்டினம்:

ஷ்யாம் செல்வதுரையின் 'ஃபன்னி பாய்' யாருமே சொல்லவில்லையே? 1994இல் வந்தது, கொழும்புத் தமிழ்க் குடும்பம், கடைசியில் 83 கலவரம். எனக்கு முதல் அத்தியாயம் போதும். தாத்தா வீட்டில் பிள்ளைகள் கூடிக் கல்யாண விளையாட்டு விளையாடுகிறார்கள், அர்ஜி என்ற பையன்தான் எப்போதும் மணப்பெண். சேலை கட்டிய கோலத்தில் அவனைப் பெரியவர்கள் முன்னால் இழுத்துக்கொண்டு போய் நிறுத்துகிறார்கள். பெரியவர்கள் சிரிக்கிறார்கள். அப்பா அம்மாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

எங்கள் வீட்டில் கோடை லீவில் இதே விளையாட்டு நடந்திருக்கிறது. என் சித்தி மகன்தான் மணப்பெண். தாவணியைப் பிடித்து இழுத்து அவிழ்த்தவர் என் சொந்தப் பெரியப்பா. நாங்களும் சேர்ந்துதான் சிரித்தோம். அவன் இப்போது வெளிநாட்டில் இருக்கிறான், கல்யாணங்களுக்கு வருவதில்லை. புத்தகத்தை அவனுக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று யோசிக்கிறேன். யாராவது சொல்லுங்கள்.

திருவாரூர்:

அனுப்பாதீங்க. முதலில் ஃபோன் பண்ணுங்க. பெரியப்பா செய்தது தப்பு என்று சொல்லுங்க. புத்தகம் அப்புறம் போகட்டும்.

கும்பகோணம்:

திருவாரூர் அக்கா சொன்னதை வழிமொழிகிறேன். மயிலாடுதுறைத் தம்பி, உங்கள் அம்மாவை அடுத்த முறை ஆசிரியராக வைத்து ஒரு விமர்சனப் பத்திரிகை ஆரம்பிக்கலாம்.

என்னிடம் 'பெருமகிழ்வின் பேரவை' இருக்கிறது, அருந்ததி ராய் நாவலின் தமிழ், ஜி. குப்புசாமி மொழிபெயர்ப்பு. பழைய டெல்லியின் திருநங்கை அஞ்சும், மயானத்தில் வீடு கட்டிக் குடியேறும் பகுதி வரை பிரமாதம். பிறகு காஷ்மீருக்குப் போய்விடுகிறது, அஞ்சும் கை நழுவிவிடுகிறாள். வேண்டும் என்பவர்களுக்குக் கொடுக்கிறேன். கனமான புத்தகம், கூரியர் செலவு உங்களுடையது.

மன்னார்குடி:

எனக்கு அனுப்பு தம்பி. செலவு என் பொறுப்பு. ஆனால் பென்சிலால் ஓரத்தில் திட்டி எழுதுவேன், திருப்பி வாங்கும்போது கோபப்படக்கூடாது. திருவாரூர் அம்மாவுக்கு 'கோமதி' இன்னொரு பிரதி வேண்டுமானால் என்னிடம் கி.ரா. தொகுப்பு இரண்டு இருக்கிறது.