10 அவுன்ஸ் டெனிம்: பாவு நூல் நடுவரைக்கும் நீலம் ஏறுது

பெருந்துறை பக்கம் ஷீட் டையிங் (பாவு, அதாவது நெடுக்கு நூல்களை விரிச்சு ஒண்ணா சாயத்தில் முக்கறது) ஓட்டறோம். 14 அவுன்ஸ் துணிக்கு 7-ஆம் நம்பர் பாவில் பிரச்சனையே இல்லைங்க. அதே ரெசிபியில் 10 அவுன்ஸுக்கு 10-ஆம் நம்பர் நூலை (நம்பர் கூடினால் நூல் மெல்லிசு) விட்டால் இண்டிகோ நீலச் சாயம் நடுவரைக்கும் போயிடுது. நூலைக் குறுக்கே வெட்டி லென்ஸில் பார்த்தால், வெள்ளையாக இருக்க வேண்டிய நடுவும் வெளிர்நீலம். மெல்லிசு நூல், சாயம் போற தூரம் கம்மி, அது புரியுது. ஆனால் திருப்பூரில் 45 நிமிஷம் என்சைம் வாஷ் (மேல் சாயத்தை உரிச்சு உள் வெள்ளையைக் காட்டற சலவை) போட்டும் வெளுப்பே எழும்பலை.

மூணு வாரமா இப்படித்தான். 6 முக்கு, முக்குக்கு 20 நொடி, காத்தாட 75 நொடி. சாயத்தொட்டியில் பி.எச். 12, ரெடாக்ஸ் (சாயத்தைக் கரைய வைக்கற ஒடுக்கத்தோட அளவு) மைனஸ் 780 மில்லிவோல்ட்.

ஹைட்ரோஸ் (ஒடுக்கற கெமிக்கல்) கூட்டி மைனஸ் 820 வரைக்கும் போனோம்; ஷேடு பச்சை அடிச்சதுதான் மிச்சம். 5 முக்காக்கினால் ஷேடு பத்தலை. காஸ்டிக் சோடாவைக் குறைச்சு பி.எச். 11.2 வெச்சதும் நடு வெளுத்துச்சு, ஆனால் சாயம் மேலாக்கவே உட்கார்ந்து ஈரத் தேய்ப்பு (ஈரத்துணியில் தேய்ச்சால் சாயம் ஒட்டாமல் நிக்கற தரம், 5 தான் உச்சம்) 1-க்கு இறங்கிருச்சு. பையர் கேட்கறது 2.

10-ஆம் நம்பர் நூலில் வெள்ளை நடுவும் ஈரத் தேய்ப்பு 2-ம் சேர்ந்து வர, பி.எச். எவ்வளவில் நிறுத்தி ஓட்டறீங்க?