லாங்ஜம்ப் எச்சரிக்கையை மேக்ஃபைலில் அணைத்துவிடலாமா?

மணலி_நிரலர்:
மணலியில் ஓர் ஆலையின் எண்ணெய்த் தொட்டிகளில் மட்டத்தை அளந்து பதிவுசெய்யும் பெட்டிக்கு சி மொழியில் நிரல் எழுதுகிறோம். சென்சார் பதில் தராவிட்டால், எவ்வளவு ஆழமான ஃபங்ஷனுக்குள் இருந்தாலும் முதன்மைச் சுற்றில் செட்ஜம்ப் குறித்துவைத்த இடத்துக்கே லாங்ஜம்ப் மூலம் தாவித் திரும்பிவிடுவோம். ஜிசிசி கம்பைலரின் புதிய பதிப்புக்கு மாறியதும், ‘முயற்சி’ என்ற எண்ணியும் ‘பஃபர்’ என்ற பாயிண்டரும் (மெமரி முகவரியை வைக்கும் மாறி) லாங்ஜம்ப் அல்லது விஃபோர்க்கால் (புதிய ப்ராசஸைத் தொடங்கும் அழைப்பு) சிதையக்கூடும் என எச்சரிக்கை வருகிறது. எச்சரிக்கைகளைப் பிழையாகக் கொள்ளும்படி வைத்திருப்பதால் பில்ட் நின்றுவிடுகிறது. இதை மட்டும் பில்ட் விதிகள் உள்ள மேக்ஃபைலில் அணைத்துவிடலாம் என்கிறார் உடன் பணிபுரிபவர். உங்கள் கருத்து என்ன?

பெரம்பூர்_பொறியாளர்:
தாராளமாக அணையுங்கள். கம்பைலருக்குத் தெரிவது செட்ஜம்ப் எங்கே அழைக்கப்படுகிறது என்பது மட்டுமே. லாங்ஜம்ப் எங்கிருந்து வரும் என்பதை அது அறியாது. அதனால் ஆபத்தில்லாத இடத்திலும் எச்சரிக்கும். மாறிகளுக்கு ரெஜிஸ்டர் (செயலிக்குள் உள்ள சிறு சேமிப்பிடம்) ஒதுக்கும் கட்டத்தில் இந்த எச்சரிக்கை எழுவதால், ஆப்டிமைசேஷன் (நிரலை வேகப்படுத்தும் மாற்றங்கள்) அளவையோ கம்பைலர் பதிப்பையோ மாற்றினால் பட்டியலும் மாறுகிறது. கிளாங் கம்பைலரில் இப்படியோர் எச்சரிக்கையே கிடையாது. கணேசபுரம் சுரங்கப்பாதையில் ‘தண்ணீர் தேங்கும்’ என்ற பலகையைக் கோடையிலும் தொங்கவிட்டால், ஐப்பசி மழையில் அதை யார் மதிப்பார்கள்?

ராயபுரம்_64:
மறுக்கிறேன், ஐயா. செட்ஜம்ப்பை அழைத்த ஃபங்ஷனின் உள்ளூர் மாறி ஒன்று, வோலடைல் (ஒவ்வொரு முறையும் மெமரியிலிருந்தே படி, மெமரியிலேயே எழுது என்னும் குறி) என அறிவிக்கப்படாமல், செட்ஜம்ப்புக்கும் லாங்ஜம்ப்புக்கும் இடையில் மாற்றப்பட்டிருந்தால், திரும்பி வந்தபின் அதன் மதிப்பு வரையறுக்கப்படாதது என்று சி தரநிலையே சொல்கிறது. நண்பரின் ‘முயற்சி’ எண்ணியையே எடுத்துக்கொள்வோம். செட்ஜம்ப்பின்போது அது 0. மூன்று முறை தோற்றபின் 3. ஆப்டிமைசேஷன் இல்லாத பில்டில் மாறி மெமரியில் இருப்பதால் 3 அப்படியே நிற்கும். ஆப்டிமைசேஷன் மிகுந்த ஓ2 பில்டில் அது ரெஜிஸ்டரில் இருந்தால், செட்ஜம்ப் சேமித்த ரெஜிஸ்டர்களை லாங்ஜம்ப் மீட்டுவைக்கும்போது பழைய 0 திரும்பிவிடலாம். ஐந்து முறைக்குமேல் அலாரம் அடிக்க வேண்டிய பெட்டி, அலாரமே இல்லாமல் ஓயாது முயன்றுகொண்டிருக்கும். மேசையில் ஆப்டிமைசேஷன் இல்லாத டீபக் பில்டில் சோதிப்பவர் கண்ணில் இது படவே படாது. ஆலைக்குப் போவதோ ஓ2 பில்ட்.

பெரம்பூர்_பொறியாளர்:
எண்ணியைப் பொறுத்தவரை ஒப்புக்கொள்கிறேன். அதற்கு வோலடைல் போடட்டும். ஆனால் ‘பஃபர்’ செட்ஜம்ப்புக்கு முன்பே ஒதுக்கப்பட்டு, அதன்பின் மாற்றப்படவே இல்லை என்றால், அதன்மீது வருவது வெற்று எச்சரிக்கைதானே? எச்சரிக்கையின் வாயை அடைக்க வோலடைல் தெளித்துக்கொண்டே போனால், ஒவ்வொரு படிப்பும் எழுத்தும் மெமரிக்குப் போய்வரும். பின்னால் வருபவர், இது வன்பொருளே மாற்றும் பதிவேடோ என்று குழம்புவார்.

எண்ணூர்_கரை:
தம்பி மணலி, பாயிண்டருக்கு வோலடைல் போடுவதென்றால் இடம் பார்த்துப் போடுங்கள். நட்சத்திரக் குறிக்கு இடப்பக்கம் போட்டால், பாயிண்டர் காட்டும் தரவுதான் வோலடைல் ஆகும். பாயிண்டர் பழையபடியே இருக்கும், எச்சரிக்கையும் போகாது. நட்சத்திரத்துக்கு வலப்பக்கம், பெயருக்கு முன்னால், போட வேண்டும். இதைத் தலைகீழாக எழுதிவிட்டுக் கம்பைலரைத் திட்டுபவர்கள் ஏராளம்.

இருந்தாலும் என் பரிந்துரை இரண்டுமல்ல. செட்ஜம்ப்பை ஒரு சிறிய ஃபங்ஷனுக்குள் தனியாக அடைத்து, உண்மையான வேலையை ஃபங்ஷன் பாயிண்டர் வழியாக அங்கிருந்து அழையுங்கள். லுவா மொழியின் சி மூலநிரலில் இப்படித்தான் உள்ளது. தாவலுக்குப்பின் தேவைப்படும் நிலைக்குறி ஒன்றை மட்டும் அங்கே வோலடைல் ஆக்கியிருக்கிறார்கள். ‘முயற்சி’யை மேலே உள்ள ஃபங்ஷனின் ஸ்ட்ரக்ட் ஒன்றில் வைத்து முகவரியை அனுப்பினால், அது செட்ஜம்ப் இருக்கும் ஃபங்ஷனின் உள்ளூர் மாறி அல்ல, எனவே அந்த விதியே அதைத் தொடாது. ஃபங்ஷன் பாயிண்டர் இல்லாமல் நேராக அழைத்தால், வேலை செய்யும் ஃபங்ஷனை இன்லைன் செய்யக் (அழைக்கும் ஃபங்ஷனுக்குள்ளேயே பதிக்கக்) கூடாதெனக் குறியுங்கள். இல்லையெனில் அதன் மாறிகளும் செட்ஜம்ப்பின் வீட்டுக்குள் குடியேறி, வெற்று எச்சரிக்கைகள் மீண்டும் வரும்.

ராயபுரம்_64:
எண்ணூர் ஐயா சொல்வது எனக்கும் சம்மதம். ஓடிக்கொண்டிருக்கும் பெரிய நிரலில் அத்தனையையும் பிரித்தெடுக்க முடியாது என்றால், போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலின் வழியும் உண்டு: பிழை பிடிக்கும் மேக்ரோவின் முயலும் பகுதியில் மாற்றி, பிடிக்கும் பகுதியில் பயன்படுத்தும் மாறிகளை மட்டும் வோலடைல் ஆக்கும்படி அதன் மூலநிரல் குறிப்பே சொல்கிறது. எந்த வழியானாலும், இடையில் பூட்டிய மியூடெக்ஸையோ ஒதுக்கிய மெமரியையோ லாங்ஜம்ப் விடுவிக்காது. அது வேறு தலைவலி.

பெரம்பூர்_பொறியாளர்:
நாம் எழுதாத, தொடவும் முடியாத நூலகக் கோப்புகளில் வந்தால்? அங்கே அணைத்துத்தான் ஆக வேண்டும் என்பதிலிருந்து நான் இறங்கவில்லை.

ராயபுரம்_64:
அந்தக் கோப்புக்கு மட்டும் அணையுங்கள், மேக்ஃபைல் முழுவதற்கும் வேண்டாம். நம் கோப்புகளில் ஆராய்ந்தபின் வெற்று எனத் தெரிந்தால், அந்த ஃபங்ஷனைச் சுற்றி பிராக்மா (கம்பைலருக்கான கட்டளை வரி) போட்டு, காரணத்தை ஒரு வரியில் எழுதிவைத்தால் போதும்.

மணலி_நிரலர்:
நன்றி. சிறிய ஃபங்ஷன் வழியையே எடுக்கிறோம். ஒரு சந்தேகம்: செட்ஜம்ப் திருப்பும் மதிப்பை ஒரு மாறியில் வைத்து, பிறகு ஸ்விட்சில் பிரிக்கிறோம். அது சரியா?

எண்ணூர்_கரை:
பெரும்பாலான கம்பைலர்களில் ஓடும். ஆனால் தரநிலை அனுமதிக்கும் இடங்களில் மாறிக்கு மதிப்பளிப்பது இல்லை. ஸ்விட்சின் அடைப்புக்குள்ளேயே செட்ஜம்ப்பை நேராக எழுதுங்கள். லாங்ஜம்ப்புக்கு 0 கொடுத்தாலும் இந்தப் பக்கம் 1 என்றே வரும் என்பதால், உங்கள் பிழை எண்களை 2-இலிருந்து தொடங்குங்கள்.