தனியார் டாக்டரிடம் டிபி பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கொங்குக்காற்று:
குமாரபாளையம் பக்கம் எங்கள் ஊர். யாரிடமும் சொல்ல முடியாததால் இங்கே எழுதுகிறேன்.

போன வருஷம் தங்கைக்கு நிச்சயம் முடிந்து இருபது நாள் இருக்கும். சாயங்காலமானால் காய்ச்சல், விடாத இருமல். பதினைந்து வருஷமாக எங்கள் குடும்பமே பார்க்கும் கிளினிக் டாக்டர்தான் சளி டெஸ்ட் எடுக்கச் சொல்லிக் கண்டுபிடித்தார். "டிபிதான். ஆறு மாசத்துல சரியாயிடும். நிக்ஷய்ங்கிற அரசாங்க டிபி பதிவுல ஏத்திடறேன், அரசாங்க மாத்திரையும் வாங்கித் தர்றேன்" என்றார். நான் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினேன். பதிவு பண்ணினால் வீட்டுக்கு நர்ஸ் வருவார்கள், தெருவுக்கே தெரியும், கல்யாணம் நின்றுவிடும், வேண்டாம் சார் என்று கெஞ்சினேன். கீபோர்டு மேல் அவர் விரல் அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். அப்புறம் மானிட்டரை அணைத்துவிட்டு, கடையில் வாங்கிக்கொள்ளச் சீட்டு எழுதினார்.

தங்கை ஒரு நாள் விடாமல் மாத்திரை சாப்பிட்டாள். குணமானாள். கல்யாணமும் நடந்தது. போன மாசம் என் நாலு வயது மகளுக்குக் கழுத்தில் நெல்லிக்காய் அளவு கட்டி. ஊசி வைத்து எடுத்துப் பார்த்ததில் நெறிகட்டி டிபி. அவள் அத்தையின் மடியில்தான் தூங்குவாள்.

ஜிஎச்சில் அட்டை போட்ட அம்மா, "வீட்டுல யாருக்காவது டிபி இருந்துச்சா?" என்று கேட்டார். என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். நான் "இல்லீங்க" என்றேன்.

அந்த விரல் நின்ற இடம்தான் தினமும் கண்ணுக்கு முன்னால் வருகிறது. மற்றவர்களுக்கு எப்படி நடந்தது, சொல்லுங்கள்.

வைகைக்கரை:
மதுரையில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். டிபி மருந்தெல்லாம் எச்1 அட்டவணையில் வருவது. யார் எழுதியது, யாருக்கு, எத்தனை என்று தனி நோட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். எழுதத்தான் செய்தேன்.

கட்டட வேலைக்குப் போகிறவர் ஒருவர் தனியார் சீட்டோடு வந்தார். ஒரு மாசத்துக்கு எழுதியிருந்தது. முதல் மாசம் முழுசாக வாங்கினார். அடுத்த முறை பதினைந்து நாளுக்கு. அதற்கடுத்த முறை சட்டைப் பையிலிருந்து சில்லறையை எண்ணிப் பார்த்துவிட்டு, "பாதி அட்டை மட்டும் குடுங்கண்ணே, இருமல் நின்னுபோச்சு" என்றார். கத்தரிக்கோலை எடுத்து வெட்டிக் கொடுத்தேன். மீதி அட்டையை டப்பாவில் போட்டேன்.

ஜிஎச்சில் இதே மருந்து காசில்லாமல் கிடைக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சீட்டில் டாக்டர் நம்பர் இருந்தது, ஒரு போன் போட்டிருக்கலாம். கடையில் கூட்டம். அவர் அப்புறம் வரவே இல்லை. நோட்டில் அவர் பேருக்கு எதிரே ஊர் பேர் மட்டும்தான் இருக்கிறது, தெருகூட இல்லை.

சட்டம்தெரியும்:
கொங்குக்காற்று, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் அந்த டாக்டரை நீங்கள் நல்லவராகவே எழுதியிருக்கிறீர்கள், அதை ஒப்புக்கொள்ள முடியாது. 2012 மே மாதமே டிபியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக மத்திய அரசு அறிவித்துவிட்டது. 2018 மார்ச்சில் வந்த அரசிதழ் அறிவிப்பில் டாக்டர், லேப், மருந்துக்கடை மூன்று பேரையும் சேர்த்தார்கள். தெரிவிக்காமல் விட்டால் அன்றைய இந்திய தண்டனைச் சட்டம் 269, 270 பிரிவுகளில் சிறைத்தண்டனை வரை போகலாம். கெஞ்சினால் விட்டுவிடுவதற்கு இது பார்க்கிங் ஃபைன் இல்லை. தெரிவித்தால் தனியார் டாக்டருக்கு 500 ரூபாய், சிகிச்சை முடிந்த விவரம் சொன்னால் இன்னொரு 500 ஊக்கத்தொகை வேறு.

என் அப்பாவுக்கு வந்தபோது மூன்று தனியார் டாக்டர்கள் பார்த்தார்கள். ஒருவர்கூட பதியவில்லை. நாலாவதாகப் போன அரசு மருத்துவர் ஃபைலைப் புரட்டிவிட்டு, "இவ்வளவு பேர் பார்த்தும் இவர் எங்க கணக்குலயே இல்லையே" என்றார். அப்பா அந்த வாரமே போய்விட்டார். அதனால்தான் இப்படி எழுதுகிறேன். மன்னிக்கவும்.

இரவுக்கிளினிக்:
நான் சின்ன ஊரில் கிளினிக் நடத்தும் டாக்டர். சட்டம்தெரியும் சொல்வது சரி. 500 ரூபாய்க்காக யாரும் பதிவதில்லை, அது இல்லாததால் யாரும் பதியாமல் இருப்பதும் இல்லை. ஒரு நாளைக்கு எண்பது பேர் வருகிறார்கள். நோயாளி கையைப் பிடித்து அழும்போது சட்டப் பிரிவு நினைவுக்கு வராது, அந்தப் பெண்ணின் கல்யாணம்தான் நினைவுக்கு வரும். அவர் செய்தது தப்பு. நானும் அப்படி ஒருமுறை செய்திருக்கிறேன், அப்புறம் செய்யவில்லை.

ஆனால் என்னை உறுத்துவது பதிவு விஷயம் இல்லை. ஒரு ஆட்டோ டிரைவர், இருபத்தெட்டு வயது. இருமல் என்று வந்தார். லீவோஃப்ளாக்ஸாசின் என்ற ஆன்டிபயாடிக் எழுதினேன். ஒரு வாரத்தில் நன்றாகிவிட்டது. ஒரு மாசம் கழித்து மறுபடி அதே இருமல், அதே மருந்து, மறுபடி நன்றாகிவிட்டது. மூன்றாவது முறை வந்தபோது அரை கிலோ சாத்துக்குடியை மேஜையில் வைத்துவிட்டு, "வேற யார் மருந்தும் கேக்க மாட்டேங்குது சார், உங்க மருந்துதான் எனக்குக் கேக்குது" என்றார். எனக்கு அன்றைக்கு அது பெருமையாக இருந்தது.

அந்த மருந்து டிபி கிருமியையும் கொஞ்சம் அடிக்கும். அடித்து அமுக்கி வைக்கும், கொல்லாது. நோய் உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும், சளியில் கிருமி தெரிவதும் தள்ளிப்போகும். ஐந்தாவது மாசம் எக்ஸ்ரே எடுத்தபோது நுரையீரல் இரண்டு பக்கமும் போயிருந்தது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளியைப் பாருங்கள் என்று படிக்கும்போதே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததுதான். அந்த ஐந்து மாசமும் அவர் ஆட்டோவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனார்.

மூன்றாவதுமாடி:
சென்னையில் ஐடி வேலை. கொங்குக்காற்று பயந்த அதே விஷயம் எனக்கு நடந்தது. அது எப்படி இருந்தது என்று சொல்கிறேன்.

பெரிய தனியார் மருத்துவமனையில் பார்த்தேன், அவர்கள் பதிந்துவிட்டார்கள். மறுவாரமே அரசுப் பக்கத்திலிருந்து போன். ஆபீஸில் இருந்தேன். "என் நம்பர் உங்களுக்கு எப்படிக் கிடைச்சது?" என்று கத்திவிட்டுக் கட் செய்தேன். மூன்று முறை அப்படிச் செய்தேன். மூன்றாவது வாரம் வாந்தி தாங்க முடியாமல் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையையே நிறுத்திவிட்டேன். மருத்துவமனைக்கு அது தெரியாது, அடுத்த அப்பாயின்ட்மென்ட் இன்னும் பத்து நாள் இருந்தது.

ஒரு சனிக்கிழமை காலை செக்யூரிட்டி இன்டர்காமில் கூப்பிட்டு "பேங்க்ல இருந்து வந்திருக்காங்க" என்றார். கீழே போனேன். காட்டன் புடவை, தோளில் பை, நாற்பது வயது இருக்கும். ஓரமாகக் கூப்பிட்டு மெதுவாக, "நான் டிபி ஆபீஸ்மா. கேட்ல பேங்க்னு எழுதிட்டேன், யாருக்கும் தெரிய வேணாம்னு" என்றார். என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். "மஞ்சளா இருக்கே, மாத்திரையை நிறுத்திட்டியா?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஈரல் பாதிப்பு. அந்த மாத்திரைகளால் சிலருக்கு அப்படி வருமாம். என் டாக்டர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ரத்த டெஸ்டில் ஈரல் அளவு இறங்கியதும் ஒவ்வொன்றாகத் திரும்ப ஆரம்பித்தார். முழுசாகக் குணமாகிவிட்டேன். கேட் நோட்டில் "வந்த காரணம்" என்ற இடத்தில் பேங்க் என்று சாய்வான எழுத்தில் எழுதியிருந்ததைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். நான் போனில் கத்தியதற்கு அவரிடம் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. ஏரியா மாறிவிட்டாராம்.

பழையஎச்ஐ:
சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். என் கதை சின்னது. தொண்ணூறுகளில் எங்கள் வட்டாரத்தில் பட்டம் இல்லாமல் ஊசி போடும் ஒருவர் இருந்தார். இருமல் விடாத ஆட்களைத் தன் டிவிஎஸ் 50 பின்னால் உட்கார வைத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டி வருவார். சளி ரிசல்ட் வரும்வரை லேப் வாசலில் நிற்பார். ஒரு நாள் நான் எல்லார் முன்னாலும் "உன் மேல போலீஸ் கேஸ் போடுவேன்" என்று சத்தம் போட்டேன். சட்டப்படி சரிதான். அதற்குப் பிறகு அவர் யாரையும் கூட்டி வரவில்லை.

சரி, இங்கே படிக்கிறவர்களுக்குச் சில விஷயம். ரத்தத்தில் ஆன்டிபாடி பார்த்து டிபி சொல்லும் டெஸ்டை யார் எழுதிக் கொடுத்தாலும் பணம் கட்டாதீர்கள், அதை 2012லேயே தடை செய்துவிட்டார்கள். சளியை ஜீன் எக்ஸ்பர்ட் என்னும் சிபிநாட் மெஷினில் பார்க்கச் சொல்லுங்கள். சுமார் இரண்டு மணி நேர வேலை, ரிஃபாம்பிசின் என்ற முக்கியமான டிபி மருந்து கேட்குமா கேட்காதா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடும். தனியார் டாக்டரிடம் பார்த்துக்கொண்டே அரசில் இந்த டெஸ்டையும் மாத்திரையையும் இலவசமாக வாங்கலாம், டாக்டரை மாற்ற வேண்டியதில்லை. இது பலருக்குத் தெரியாது, அதனால்தான் வைகைக்கரை சொன்ன மாதிரி பாதி அட்டை வாங்குகிறார்கள். தனியாரில் பதிந்தாலும் சத்துணவுப் பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். 2018 ஏப்ரலில் மாசம் 500 என்று ஆரம்பித்தது, 2024 நவம்பரிலிருந்து 1000. முட்டை, கடலை, பயறு வாங்கிச் சாப்பிடுங்கள். ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சாகப் போகும், பயப்பட வேண்டாம். கண் மஞ்சளானால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். தட்டையும் டம்ளரையும் தனியாக வைக்காதீர்கள். 1956ல் சென்னையில் ஆரம்பித்த காசநோய் ஆராய்ச்சி மையம், வீட்டில் வைத்து மருந்து கொடுத்தாலும் சானடோரியம் என்னும் டிபி ஆஸ்பத்திரியில் தங்குவதற்குச் சமமாகக் குணமாகிறது, வீட்டில் இருப்பவர்களுக்கு அதனால் கூடுதல் ஆபத்தில்லை என்று அந்தக் காலத்திலேயே காட்டிவிட்டது. பரவுவது பெரும்பாலும் மருந்து ஆரம்பிப்பதற்கு முன்னால். அதனால்தான் வீட்டில் எல்லாரையும் சோதித்துவிட்டு, நோய் இல்லாத குழந்தைகளுக்குத் தடுப்பு மாத்திரை கொடுக்கச் சொல்வது. ஜன்னலைத் திறந்து வையுங்கள். சர்க்கரை இருப்பவர்கள் அதையும் கட்டுக்குள் வைக்க வேண்டும். புகை, குடி இரண்டையும் நிறுத்துங்கள்.

சட்டம்தெரியும்:
ஐயா, அவர் ஆலோசனை கேட்கவில்லை. குழந்தைக்குத் தடுப்பு மாத்திரை என்று இப்போது சொல்லி அவரை ஏன் இன்னும் நோகடிக்கிறீர்கள்?

பழையஎச்ஐ:
அவருக்காக மட்டும் எழுதவில்லை தம்பி. அவர் வீட்டில் இன்னும் ஆட்கள் இருப்பார்கள் இல்லையா. அந்த அட்டையில் "இல்லை" என்று இருக்கும்வரை அவர்களை யாரும் தேடி வர மாட்டார்கள்.

இரவுக்கிளினிக்:
பழையஎச்ஐ சொல்வதோடு நானும் நிற்கிறேன். 2023ல் நாடு முழுவதும் பதிவான சுமார் 25 லட்சம் பேரில் மூன்றில் ஒரு பங்கு எங்களைப் போன்ற தனியாரிடமிருந்து வந்தது. எங்களிடம்தான் ஜனங்கள் முதலில் வருகிறார்கள். நாங்கள் ஒருவரை விட்டால் அவரோடு சேர்ந்து ஒரு வீடே விட்டுப்போகிறது. கொங்குக்காற்று, உங்கள் டாக்டரிடமும் ஒருமுறை போய்ச் சொல்லுங்கள். அவருக்கும் தெரிய வேண்டும்.

கொங்குக்காற்று:
எல்லாருக்கும் நன்றி. பழையஎச்ஐ ஐயா, நீங்கள் எழுதியதால் எனக்கு வருத்தம் இல்லை.

இன்று காலை மகளுக்கு மாத்திரை வாங்கப் போனேன். தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் மாத்திரை, அவள் முகம் சுளிக்காமல் குடித்துவிடுகிறாள். அட்டை போட்ட அதே அம்மாதான் இருந்தார். "அன்னைக்கு நீங்க கேட்டதுக்குத் தப்பா சொல்லிட்டேன்" என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. ஃபைலை எடுத்து அந்த இடத்தை அடித்துவிட்டு, தங்கையின் வயசு என்ன, எந்த டாக்டர், எந்த மாசம் மருந்து ஆரம்பித்தது என்று கேட்டு எழுதினார். வீட்டில் வேறு யார் என்றார். அம்மா, சர்க்கரை இருக்கிறது என்றேன். நாளைக்கு எல்லாரையும் எக்ஸ்ரேக்குக் கூட்டி வரச் சொல்லியிருக்கிறார்.

டாக்டர் கிளினிக்குக்கும் போனேன். கூட்டம் போகும்வரை உட்கார்ந்திருந்து சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பாப்பா எடை எவ்வளவு என்று மட்டும் கேட்டார். அப்புறம், "தங்கச்சியை மறுபடி ஒரு சளி டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க. அவங்க வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்காங்களா?" என்றார்.

இருக்கிறார்கள். மாப்பிள்ளையின் அண்ணன் குழந்தைகள் இரண்டு பேர். அந்த வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. தங்கை வேலை முடிந்து ஒன்பது மணிக்குத்தான் வருவாள், அப்புறம் போன் போட வேண்டும்.