மறு: 'கன்டெயின்மென்ட்' கொள்கைக்குத் தமிழ்ச்சொல் – அணையிடல்?

குழுவினருக்கு வணக்கம்.

பனிப்போர்க் காலத்தில் சோவியத் ஒன்றியத்தின் விரிவாக்கத்தைத் தடுக்க அமெரிக்கா கைக்கொண்ட 'கன்டெயின்மென்ட்' கொள்கைக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் இதுவரை வந்த பரிந்துரைகள்: கட்டுப்படுத்தல், முற்றுகை, தடுப்பு, சூழ்ந்தடக்கல், மட்டுப்படுத்தல், பரவல் தடுப்பு. நான் முன்வைப்பது 'அணையிடல்'. காரணம் சொல்லுமுன், அந்த ஆங்கிலச் சொல் எங்கே, எதற்காகப் பிறந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்த்துவிடலாம். வந்த பரிந்துரைகளில் பாதி ஆங்கில அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யப்பட்டவை. அரை நூற்றாண்டு வாஷிங்டனின் வெளியுறவுக் கொள்கையைத் தாங்கி நின்ற ஒரு சொல்லுக்கு அகராதி போதாது.

1946 பிப்ரவரி 22. மாஸ்கோவில் அமெரிக்கத் தூதரகப் பொறுப்பில் இருந்த ஜார்ஜ் கென்னன் தன் அரசுக்கு மிக நீண்ட ஒரு தந்தி அனுப்பினார். சோவியத் தலைமையை நட்பாலும் சலுகையாலும் மாற்ற முடியாது. ஆனால் அது ஹிட்லரைப் போல நாள் குறித்துப் போருக்குக் கிளம்புவதும் இல்லை. எதிரே வலு இருப்பது தெரிந்தால் பின்வாங்கும். தந்தியின் சாரம் இவ்வளவுதான். மறு ஆண்டு ஜூலையில் 'ஃபாரின் அஃபேர்ஸ்' இதழில் 'எக்ஸ்' என்ற புனைபெயரில் அவர் எழுதிய கட்டுரையில்தான் நம் சொல் வருகிறது: ரஷ்யாவின் விரிவடையும் போக்கை நீண்ட காலத்துக்கு, பொறுமையாக, ஆனால் உறுதியோடும் விழிப்போடும் 'கன்டெயின்' செய்ய வேண்டும் என்றார்.

அவர் எந்த இரண்டு வழிகளை மறுத்தார் என்பதைக் கவனியுங்கள். ஒன்று, போர் தொடுத்து மாஸ்கோவை வீழ்த்துவது. இன்னொன்று, 1938இல் மியூனிக்கில் ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்தது போல விட்டுக்கொடுப்பது. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வழி. எதிரி இருக்கும் இடத்தில் கை வைப்பதில்லை, அங்கிருந்து மேலே வரவும் விடுவதில்லை. காலம் போகப் போக அந்த ஆட்சி உள்ளுக்குள் உடையும், அல்லது கனிந்து இளகும். தமிழ்ச்சொல்லில் இந்த நடுவழி தெரிய வேண்டும் என்பதே என் முதல் அளவுகோல்.

இப்போது பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

> நாளிதழ்களில் 'கட்டுப்படுத்தும் கொள்கை' என்றே எழுதுகிறார்கள். புழக்கத்தில் உள்ளதை ஏன் மாற்ற வேண்டும்?

கட்டுப்படுத்துதல் என்றால், கட்டுப்படுத்தப்படுவது நம் பிடியில் இருக்கிறது என்று பொருள். விலையைக் கட்டுப்படுத்துகிறோம், கூட்டத்தைக் கட்டுப்படுத்துகிறோம். சோவியத் ஒன்றியம் ஒரு நாளும் அமெரிக்காவின் பிடியில் இருந்ததில்லை. "அமெரிக்கா சோவியத் ஒன்றியத்தைக் கட்டுப்படுத்தியது" என்று படிக்கும் மாணவர் வரலாற்றையே தப்பாகப் புரிந்துகொள்வார். அதோடு 'ஆயுதக் கட்டுப்பாடு' என்ற தொடர் ஏற்கெனவே நிலைத்துவிட்டது. ஒரே பக்கத்தில் இரண்டும் வரும்போது குழப்பம் தவிர்க்க முடியாது.

'முற்றுகை' இன்னும் சிக்கலானது. 1948 ஜூனில் மேற்கு பெர்லினை முற்றுகையிட்டது ஸ்டாலின். 1949 மே வரை விமானத்தில் மாவும் நிலக்கரியும் கொண்டுபோய் அந்த முற்றுகையை முறித்ததுதான் அமெரிக்கக் கொள்கையின் பெரிய வெற்றியாகப் பேசப்படுகிறது. கொள்கைக்கே முற்றுகை என்று பெயர் வைத்தால், முற்றுகைக் கொள்கை ஸ்டாலினின் முற்றுகையை முறித்தது என்று எழுத வேண்டி வரும். 1962 அக்டோபரையும் நினைத்துப் பாருங்கள். கியூபாவுக்கு ஆயுதம் கொண்டுபோகும் கப்பல்களை மறித்த கென்னடி, முற்றுகை என்ற சொல்லைத் தவிர்த்தார். சர்வதேசச் சட்டப்படி முற்றுகை ஒரு போர்ச்செயல் என்பதால், தொற்றுநோய்க்காகக் கப்பலை ஒதுக்கி வைக்கும் 'குவாரன்டைன்' என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தார். இத்தனை கவனமாகச் சொற்களைக் கையாண்டவர்களின் வரலாற்றை எழுதும்போது நாமும் அதே அளவு கவனமாக இருக்க வேண்டாமா?

'சூழ்ந்தடக்கல்' கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது எதிர்த்தரப்பின் சொல். முதலாளித்துவ நாடுகள் தங்களைச் சூழ்ந்து நிற்கின்றன என்பது மாஸ்கோவின் பழைய குற்றச்சாட்டு; கென்னனின் தந்தியே அந்தக் குற்றச்சாட்டை எடுத்துக்காட்டித்தான் தொடங்குகிறது. இன்றைக்கும் இந்த வேறுபாடு தேவைப்படுகிறது. 2023 மார்ச்சில் ஷி ஜின்பிங், அமெரிக்கா தலைமையிலான மேற்கு நாடுகள் சீனாவை மூன்று வகையாக நெருக்குவதாகச் சொன்னார்: மேலே வர விடாமல் தடுக்கிறார்கள், சூழ்கிறார்கள், அடக்குகிறார்கள். மூன்றும் ஒரே வாக்கியத்தில் வருகின்றன. 'சூழ்ந்தடக்கல்' என்று வைத்துவிட்டால் அந்த ஒரு வாக்கியத்தை மொழிபெயர்க்க நம்மிடம் சொல் மிஞ்சாது.

'தடுப்பு' என்பதை அணு ஆயுதத்தைக் காட்டி எதிரியை அஞ்ச வைக்கும் கோட்பாட்டுக்காக விட்டு வைக்கலாம் என்று நினைக்கிறேன். 'பரவல் தடுப்பு' என்றதும் 1968இன் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம் நினைவுக்கு வந்துவிடும்.

யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஐயா சொன்ன 'மட்டுப்படுத்தல்' எனக்கு மிகவும் பிடித்த சொல். ஈழத் தமிழில் அது உயிரோடு இருக்கிறது, பொருளும் துல்லியம். ஆனால் அந்தத் துல்லியம் வேறு இடத்துக்கு உரியது: அளவைக் குறைத்து ஒரு மட்டில் வைப்பது. 1972இல் நிக்சனும் பிரெஷ்னெவும் மாஸ்கோவில் கையெழுத்திட்ட 'சால்ட்' உடன்பாட்டுக்கு 'போர்த்திற ஆயுத மட்டுப்படுத்தல்' என்பதைவிடப் பொருத்தமாக எதுவும் இல்லை. அதை அங்கேயே வைத்துக்கொள்வோம் என்று ஐயாவைக் கேட்டுக்கொள்கிறேன்.

சரி, அணையிடலுக்கு வருவோம்.

இது நானாகக் கொண்டுவந்து ஒட்டிய உவமை இல்லை. சோவியத் அரசியல் செயல்பாட்டைக் கென்னனே அந்தக் கட்டுரையில் ஓடும் நீராகத்தான் காட்டுகிறார். விட்ட வழியெல்லாம் ஓடும். உலக அதிகாரம் என்னும் பள்ளத்தின் மூலை முடுக்கையெல்லாம் நிரப்பப் பார்க்கும். வழியில் தாண்ட முடியாத தடை இருந்தால் அதை ஏற்றுக்கொண்டு அதற்கேற்ப அமைந்துவிடும். தமிழிலும் ஆசைக்கு அணை போடுவது, பேச்சுக்கு அணை போடுவது என்பதெல்லாம் அன்றாட வழக்கு. அணை கட்டுபவர் ஆற்றோடு போருக்குப் போவதில்லை. ஆற்றை அதன் போக்கில் விடுவதும் இல்லை. கட்டிய பின்னும் காவல் இருக்க வேண்டும். கென்னன் கேட்ட பொறுமை, உறுதி, விழிப்பு மூன்றும் இந்தச் சொல்லுக்குள் தாமாகவே வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

இதற்கு வந்த மறுப்புகளில் வலுவானது இது:

> அணை என்று சொன்னாலே எதிரே வெள்ளம் இருந்தது என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிறதே. அது அமெரிக்கத் தரப்பின் கதை அல்லவா?

நியாயமான கேள்வி, அதற்குச் சான்றும் இருக்கிறது. கொள்கை முதலில் செயலுக்கு வந்த கிரேக்கத்தையே எடுத்துக்கொள்வோம். அங்கே அரசுக்கு உதவிவந்த பிரிட்டன், இனி முடியாது என்று 1947 பிப்ரவரியில் கைவிரித்தது. மார்ச் 12 அன்று அமெரிக்க அதிபர் ட்ரூமன் நாடாளுமன்றத்தில் கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் 40 கோடி டாலர் கேட்டார். ஆயுதம் ஏந்திய சிறுபான்மையினரையும் வெளி நெருக்குதலையும் எதிர்க்கும் சுதந்திர மக்களை ஆதரிப்பதே அமெரிக்காவின் கொள்கையாக இருக்க வேண்டும் என்றார். ஆனால் கிரேக்கக் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்குப் பெரிய ஆதரவு மாஸ்கோவிலிருந்து வரவில்லை. பக்கத்து யூகோஸ்லாவியாவிலிருந்து வந்தது. 1944 அக்டோபரிலேயே சர்ச்சிலோடு செய்துகொண்ட விழுக்காட்டுப் பங்கீட்டில் கிரேக்கத்தை ஸ்டாலின் கிட்டத்தட்ட முழுவதுமாக பிரிட்டனுக்கு விட்டுக்கொடுத்திருந்தார். யூகோஸ்லாவியத் தலைவர் டிட்டோவுக்கும் ஸ்டாலினுக்கும் 1948இல் முறிவு ஏற்பட்டது. 1949இல் டிட்டோ எல்லையை மூடினார், அந்த ஆண்டே கெரில்லாக்களின் போர் முடிந்தது. மாஸ்கோவிலிருந்து வெள்ளம் வராத இடத்தில்தான் முதல் அணை கட்டப்பட்டது என்று ஒரு வரலாற்றாசிரியர் தாராளமாக எழுதலாம்.

அப்படி எழுத முடிகிறது பாருங்கள், அதுதான் என் பதில். கொள்கையை வகுத்தவர்கள் உலகத்தை எப்படிப் பார்த்தார்கள் என்பதைக் கொள்கையின் பெயர் காட்ட வேண்டும். அந்தப் பார்வை சரியா என்று கேட்பது கட்டுரையின் வேலை. பெயரிலேயே தீர்ப்பை வைத்தால் விமர்சிக்க எதுவும் மிஞ்சாது. 'அணையிடல்' என்று எழுதிவிட்டு, வெள்ளம் எங்கே என்று அடுத்த வரியிலேயே கேட்கலாம்.

கென்னனின் கட்டுரை வெளிவந்த சில மாதங்களிலேயே அமெரிக்கப் பத்திரிகையாளர் வால்டர் லிப்மன் கேட்டது கிட்டத்தட்ட இதைத்தான். எதிரி எங்கெல்லாம் தலைகாட்டுகிறானோ அங்கெல்லாம் ஓடி அடைப்பதென்றால், எங்கே எப்போது மோதுவது என்ற முடிவு மாஸ்கோவின் கைக்குப் போய்விடும். வலுவற்ற, உள்நாட்டு ஆதரவு இல்லாத அரசுகளையெல்லாம் நாம் தூக்கிச் சுமக்க நேரும் என்று அவர் தொடர்ந்து எழுதினார். வியட்நாமை நினைத்துக்கொண்டு படித்தால் மனம் கனக்கிறது.

அடுத்த அளவுகோல், கொள்கை உருமாறியபோதும் சொல் கூடவே வர வேண்டும் என்பது. கென்னன் மனத்தில் இருந்தது பெரும்பாலும் அரசியல், பொருளாதார அணை. மேற்கு ஐரோப்பாவும் ஜப்பானும் மீண்டு எழுந்தால் போதும், கம்யூனிசம் அங்கே வேர்விடாது என்பது அவர் கணக்கு. மேற்கு ஐரோப்பாவை மீட்டெடுக்கச் சுமார் 1300 கோடி டாலர் செலவிட்ட மார்ஷல் திட்டம் அந்தக் கணக்கின் விளைவு. 1950 ஏப்ரலில் அமெரிக்க வெளியுறவுத் துறை அதிகாரி பால் நிட்சே தலைமையில் எழுதப்பட்ட என்.எஸ்.சி. 68 என்ற ரகசிய ஆவணம் அதைத் தலைகீழாக்கியது. எங்கே தோற்றாலும் எல்லா இடத்திலும் தோற்றதாகவே பொருள் என்றது அது. ஜூனில் கொரியப் போர் வெடித்ததும் ராணுவச் செலவு மூன்று மடங்குக்கு மேல் உயர்ந்தது. நேட்டோ, சியாட்டோ, பாக்தாத் உடன்படிக்கை ஆகிய ராணுவக் கூட்டணிகள் எல்லாம் இந்த ராணுவப் பார்வையில் வளர்ந்தவை. கென்னன் கடைசிவரை இதை ஏற்கவில்லை. 1966 பிப்ரவரியில் ஃபுல்பிரைட் தலைமையிலான செனட் குழுவின் முன் அமர்ந்து, நாடே தொலைக்காட்சியில் பார்க்க, வியட்நாம் போரை எதிர்த்துப் பேசினார். இந்தச் சண்டையில் இரு தரப்பும் தங்கள் கொள்கைக்கு ஒரே பெயரைத்தான் வைத்துக்கொண்டன. ராணுவ வாடை அடிக்கும் சொல்லைத் தேர்ந்தெடுத்தால் கென்னன் தரப்பு காணாமல் போகும். 'பொருளாதார அணையிடல்', 'ராணுவ அணையிடல்' இரண்டுமே இயல்பாக இருக்கின்றன.

வணிகத்துக்கும் பொருந்துகிறதா என்று இலங்கை உறுப்பினர் ஒருவர் கேட்டிருந்தார். பொருந்துகிறது. கொரியப் போரை ஒட்டி, சீனாவுக்கு ரப்பர் போன்ற போர்ப் பயன்பாட்டுப் பொருள்கள் போகக் கூடாது என்று வாஷிங்டன் நின்றது. அரிசித் தட்டுப்பாட்டில் இருந்த இலங்கை அதை மீறி 1952 டிசம்பரில் பீக்கிங்கோடு ரப்பர்–அரிசி ஒப்பந்தம் செய்துகொண்டது. "சீனாவுக்கு அமெரிக்கா இட்ட வணிக அணையை இலங்கை தாண்டியது" என்று எழுதிப் பாருங்கள், எங்கும் இடறவில்லை.

கடைசியாக, எதிரியை அவர் பிடித்த இடத்திலிருந்தே விரட்டும் 'ரோல்பேக்' என்பதோடு சேர்த்துச் சோதித்தால்தான் எந்தச் சொல்லும் தேறுமா என்று தெரியும். அதற்குப் 'பின்தள்ளல்' என்று ஏற்கெனவே பேசியிருக்கிறோம். 1950 கொரியாவில் இரண்டும் ஒரே போரில் வருகின்றன. வட கொரியப் படையை 38ஆவது இணைகோட்டுக்கு அப்பால் திருப்பி அனுப்புவது அணையிடல். அக்டோபரில் அமெரிக்கத் தளபதி மக்ஆர்தரின் படை அந்தக் கோட்டைத் தாண்டி, சீன எல்லையில் உள்ள யாலு ஆற்றை நோக்கிப் போனது பின்தள்ளல். சீனப் படை இறங்கி அடித்த பின் வாஷிங்டன் மறுபடி அணையிடலுக்குத் திரும்பியது. அதை ஏற்காத மக்ஆர்தர் 1951 ஏப்ரலில் பதவி இழந்தார். 1952 தேர்தலில் குடியரசுக் கட்சி தன் அறிக்கையில் அணையிடலை எதிர்மறையானது, பயனற்றது, ஒழுக்கக்கேடானது என்று சாடியது. கிழக்கு ஐரோப்பாவின் விடுதலை பற்றி அவ்வளவு பேசிய டல்லஸ் வெளியுறவு அமைச்சரான பின், 1956இல் ஹங்கேரியில் சோவியத் டாங்கிகள் நுழைந்தபோது அமெரிக்கா தலையிடவில்லை. பேச்சில் பின்தள்ளல், செயலில் அணையிடல். இந்த நான்கு சொற்களில் ஐசன்ஹோவர் காலத்தின் பெரும் முரண்பாட்டைச் சொல்ல முடிகிறது. 'கட்டுப்படுத்தல்' என்று வைத்து இதே வரியை எழுதிப் பாருங்கள், பொருள் நீர்த்துப்போகும்.

அணு உலைக்கும் கொரோனாவுக்கும் இதே சொல்லைப் பயன்படுத்தலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். ஆங்கிலத்தில் ஒன்றாக இருப்பது தமிழிலும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அணு உலையைச் சுற்றிய கட்டடத்துக்கு 'அடைப்புக் கூடு' மாதிரி ஏதாவது பொருந்தும். அதை அறிவியல் குழு முடிவு செய்யட்டும்.

அப்புறம், சொற்பட்டியலில் பெயர்ச்சொல் 'அணையிடல்', வினை 'அணையிடு', கொள்கை 'அணையிடல் கொள்கை' என்று பதியலாம். 1993இல் கிளின்டன் அரசு இரானையும் இராக்கையும் ஒருசேர நெருக்கிய கொள்கைக்கு 'இரட்டை அணையிடல்'. 'அணைத்தல்' என்று சுருக்க வேண்டாம். தழுவுவதும் விளக்கை அணைப்பதும் குறுக்கே வரும். வல்லரசுகளிடையே பதற்றம் குறைவதைக் குறிக்கும் 'டெடான்ட்' இன்னும் பாக்கி இருக்கிறது. அதற்கு வந்திருக்கும் 'தணிவு', 'இறுக்கத் தளர்வு' இரண்டில் எனக்கு இரண்டாவதே சரியாகப் படுகிறது. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அதற்குத் தனி இழை தொடங்கினால் நல்லது.