ஆமையோட்டில் பித்தளை பதித்த எழுது மேசை: பிரெஞ்சா, ஆங்கிலமா?

கீழக்கரைவாசி:
என் உம்மாவின் தகப்பனார் கொழும்பில் வணிகம் செய்த காலத்தில் ஏலத்தில் எடுத்துக் கொண்டுவந்த எழுது மேசை ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. மேற்பரப்பு முழுவதும் செம்பழுப்பு ஆமையோட்டில் பித்தளைக் கொடிகள் பதிந்திருக்கின்றன. நாங்கள் அதைப் ‘பிரெஞ்சு மேசை’ என்றே சொல்லி வருகிறோம். பார்க்க வந்த பழம்பொருள் வியாபாரி ஒருவரோ, லண்டனில் செய்த நகல் என்று சொல்லிப் பாதி விலைக்குக் கேட்கிறார். எதை வைத்து முடிவு செய்வது? ஈரக்காற்று வீசும் மாதங்களில் பித்தளை ஓரங்கள் மேலெழும்பிக் கையைக் கிழிப்பது வேறு தொல்லை.

பழமரப்பிரியன்:
லண்டன் என்றாலே மட்டம் என்பது வியாபாரப் பேச்சு. பதினான்காம் லூயியின் அரசவைத் தச்சரான ஆந்த்ரே ஷார்ல் பூல் (1642–1732) புகழ்பெறச் செய்த வேலை இது. ஆமையோட்டையும் பித்தளைத் தகட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒரே அறுப்பில் அறுத்து, ஒன்றின் வெட்டுக்குள் மற்றதைப் பொருத்துவார்கள். பிரெஞ்சுப் புரட்சியில் பிரபுக்களின் பொருள்கள் விற்பனைக்கு வந்தபோது ஆங்கிலேயச் செல்வர்கள் அள்ளிச் சென்றார்கள். பின்னாளில் நான்காம் ஜார்ஜ் ஆன இளவரசருக்கு அவற்றின்மீது தீராத மோகம். 1815இல் அவருக்கு இத்தகைய எழுது மேசைகளை விற்ற லு கெய்ன்யர், லண்டனில் பட்டறை நடத்திய பிரெஞ்சுக்காரர். கை எந்த நாடு, பட்டறை எந்த நாடு என்று பிரிப்பது அவ்வளவு எளிதன்று.

இழுப்பறையைக் கழற்றிப் பாருங்கள். உட்பலகை மகோகனியானால் ஆங்கிலப் பட்டறைக்கே வாய்ப்பு அதிகம். திருகாணியின் முனை மழுங்கியிருந்தால் பெரும்பாலும் 1850க்கு முந்தியது. கூர்முனை பிந்தியது, அல்லது பின்னர் மாற்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இரு நாடுகளிலும் இவ்வகை மேசைகள் ஏராளமாகச் செய்யப்பட்டன என்பதையும் மறக்க வேண்டாம்.

மண்டபத்தான்:
அது அழுங்காமை ஓடாகத்தான் இருக்கும். நம் மன்னார் வளைகுடாவிலும் வாழும் அந்த ஆமை, 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் மிகக் கடுமையான பாதுகாப்புக்குரிய முதல் அட்டவணையில் உள்ளது. விலை பேசுவதற்கு முன் இராமநாதபுரத்திலுள்ள வனஉயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள், சகோதரரே. பழம்பொருள்தானே என்று விற்றுவிட்டுப் பின்னர் வழக்குக்கு அலைய வேண்டாம்.

பரம்பரை ஆசாரி:
ஈரக்காற்றில் மரம் ஊதும், வெயிலில் சுருங்கும். பித்தளை அதனோடு போகாது. அதனால்தான் அதை ஒட்டியிருக்கும் வச்சிரப் பசை (தோல், எலும்பைக் காய்ச்சி எடுக்கும் தச்சுப் பசை) விட்டுப் போகிறது. எழும்பிய இடத்தில் ஆணி அடிக்காதீர்கள், கடையில் விற்கும் வெள்ளைப் பசையையும் ஊற்றாதீர்கள். வச்சிரத்தைக் காய்ச்சி ஊசியால் உள்ளே செலுத்தி, பாரம் வைத்து ஒரு நாள் விட வேண்டும். குத்துவிளக்கைத் துலக்குவது போலப் புளி போட்டுவிட்டால் ஓட்டின் மெருகு போய்விடும்.

கீழக்கரைவாசி:
கழற்றிப் பார்த்தேன். உட்பலகை மகோகனிதான். நான்கு திருகாணிகள் மழுங்கியவை, ஒன்று மட்டும் கூர்முனை. அதன் தலையும் புதிதாகப் பளபளக்கிறது. வியாபாரியிடம் மேசை விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். வச்சிரம் எங்கே நல்லதாகக் கிடைக்கும், ஆசாரி ஐயா?